பச்சை விளக்கு எரிகிறது, குரல் வரவில்லை: ஜிஎம்ஆர்எஸ் ரேடியோவில் பிழை தேடும் முறை

டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் நடுவே கிரேட் ஸ்மோக்கி மலைகள். அங்கே நியூஃபவுண்ட் கேப் கணவாயின் வண்டி நிறுத்துமிடத்தில், 5,046 அடி உயரத்தில், என் காரும் மைத்துனரின் காரும் நான்கு வண்டி இடைவெளியில் நின்றிருந்தன. கைப்பேசியில் சிக்னல் இல்லை. அது தெரிந்துதான் இரண்டு ஜிஎம்ஆர்எஸ் ரேடியோக்களை வாங்கிக்கொண்டு வந்திருந்தோம். நான் பொத்தானை அழுத்திப் பேசினேன். மைத்துனர் கையிலிருந்த ரேடியோவின் உச்சியில் பச்சை விளக்கு எரிந்தது, குரல் வரவில்லை. பொத்தானை விட்டேன், விளக்கு அணைந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி எரிந்தது. பேச்சு மட்டும் வந்து சேரவே இல்லை.

இரண்டு ரேடியோக்களிலும் எந்தப் பழுதும் இல்லை என்பதற்கு அந்தப் பச்சை விளக்கே சாட்சி. அதை அன்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பிறகு கற்றுக்கொண்டதை, புதிதாக ரேடியோ வாங்கி நிரல் செய்யத் திணறும் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இங்கே எழுதுகிறேன். உங்கள் ரேடியோ காட்டும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

தொடங்கும் முன்

ஜிஎம்ஆர்எஸ் என்பது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி பொதுமக்களுக்கு ஒதுக்கியுள்ள குறுந்தூர வானொலிச் சேவை. 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் 22 சேனல்கள் உண்டு. அவற்றோடு, கேட்டதை உயரத்திலிருந்து திருப்பிச் சொல்லும் கருவியான ரிப்பீட்டருக்கென 8 அதிர்வெண் இணைகள். இதில் பேச உரிமம் வேண்டும். தேர்வு கிடையாது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், கட்டணம் 35 டாலர், 10 ஆண்டுகள் செல்லும். குடியுரிமை கேட்பதில்லை, வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இருப்பவருக்கு மட்டும் கிடைக்காது. விசாவில் இருப்பவர்கள் தங்களுக்குக் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். நம் குடும்ப அமைப்புக்கு மிகவும் பொருத்தமான ஏற்பாடு இது. கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், சித்தப்பா, மாமா, அத்தை, உடன்பிறந்தோரின் பிள்ளைகள், திருமண வழி உறவுகள் என எல்லோருக்கும் ஒருவர் எடுத்த உரிமமே போதும். நண்பர்களுக்கு அது பொருந்தாது. அவர்கள் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது உரிமம் தேவைப்படாத எஃப்ஆர்எஸ் ரேடியோவில் அதே 22 சேனல்களில் பேசலாம்.

ரேடியோவும் ஜிஎம்ஆர்எஸ்ஸுக்கென்று சான்று பெற்றதாக இருக்க வேண்டும். எல்லா அதிர்வெண்ணிலும் பேசும் மலிவான அமெச்சூர் ரேடியோவை வாங்கி அதில் இந்தச் சேனல்களை ஏற்றிக்கொள்ளுமாறு பலர் யோசனை சொல்வார்கள். ரேடியோ வேலை செய்யும், விதி அனுமதிக்காது.

பேசும் பாதி, கேட்கும் பாதி

ஒரு ரேடியோவுக்குள் இரண்டு தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன: அனுப்பும்போது என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று, வாங்கும்போது எதை ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. அதிர்வெண், டோன் (குரலோடு சேர்த்து அனுப்பும் ஓர் அடையாள ஒலி) இரண்டையுமே இந்த இரண்டு பாதிகளுக்கும் வெவ்வேறாக வைக்க முடியும். புதியவரின் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றென எண்ணுவதால் வருகிறது. ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எந்த ரேடியோவின் எந்தப் பாதி?

அதைக் கண்டுபிடிக்க, எல்லாவற்றையும் முதலில் வெறுமையாக்குங்கள். இரண்டு ரேடியோக்களையும் 16ஆம் சேனலுக்குக் கொண்டுவாருங்கள்; அதன் அதிர்வெண் 462.575. அனுப்பும் டோன், வாங்கும் டோன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இரண்டு சேனல்களை ஒருசேரக் கவனிக்கும் இரட்டைக் கேட்பை நிறுத்துங்கள். பிறகு ஒருவர் வீட்டுக்குள்ளும் மற்றவர் தெருமுனையிலும் நின்று பேசிப் பாருங்கள். ஒரே மேசையில் இரண்டு ரேடியோக்களையும் வைத்துச் சோதிக்க வேண்டாம். கையருகில் அனுப்பும் அலையின் வலு மற்றதன் வாங்கும் பகுதியைத் திணறடித்து, இல்லாத கோளாறுகளையெல்லாம் காட்டும். வெறுமையான நிலையில் பேச முடிந்தால் கருவிகள் நலம். அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் பேசிப் பாருங்கள். இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தால் எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

கேபிளைச் செருகினேன், கணினி ரேடியோவைக் காணவில்லை என்கிறது

கணினியிலிருந்து ரேடியோவை நிரல் செய்ய உதவும் சிர்ப் என்ற இலவச மென்பொருள் பல தயாரிப்புகளுக்குப் பொதுவானது. ஆனால் அதில் முதல் முயற்சியிலேயே ‘ரேடியோ பதில் தரவில்லை’ என்று செய்தி வருவது மிகச் சாதாரணம். அதற்கு மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வருகின்றன.

முதல் காரணம் செருகி. ரேடியோவின் பக்கவாட்டில் 3.5 மில்லிமீட்டரிலும் 2.5 மில்லிமீட்டரிலும் இரண்டு துளைகள் இருக்கும். கேபிளின் முனையில் அதற்கேற்ற இரண்டு முளைகள். அவை உள்ளே போனது போலத் தோன்றும், ஆனால் செருகியின் பிளாஸ்டிக் உடல் ரேடியோவின் ஓரத்தில் இடித்துக்கொண்டு ஒரு மில்லிமீட்டர் வெளியிலேயே நின்றுவிடும். செருகிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் உங்கள் நகம் நுழைந்தால் அது முழுதாகப் போகவில்லை. துளையை மூடும் ரப்பர் மடலை நன்றாக விலக்கிவிட்டு, கட்டைவிரலால் அழுத்தித் தள்ளுங்கள். கடைசியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்காதவரை மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது கேபிளுக்குள் இருக்கும் சிப். மலிவான கேபிள்கள் சிலவற்றில் ப்ரொலிஃபிக் சிப்பின் போலி இருக்கும். விண்டோஸ் தானாக ஏற்றும் புதிய டிரைவர் அதை அடையாளம் கண்டு வேலை செய்ய மறுத்துவிடும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட் பட்டியலில் பாருங்கள்; மஞ்சள் முக்கோணம் இருந்தால் இதுதான். பழைய டிரைவருக்கு மாற்றினால் சரியாகும், ஆனால் அடுத்த விண்டோஸ் புதுப்பிப்பில் மறுபடி வரக்கூடும். எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிள் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. சில டாலர் கூடுதலாகும், பல மாலை நேரங்கள் மிச்சமாகும்.

மூன்றாவது, தவறான காம் போர்ட், அதாவது கணினி கேபிளுக்குத் தரும் எண். கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பட்டியலைப் பாருங்கள், மறுபடி செருகிப் பாருங்கள். புதிதாகத் தோன்றும் எண்தான் உங்களுடையது.

இவற்றோடு ஒன்று: ரேடியோ அணைந்திருக்கக் கூடாது. டைப்-சி துளை உள்ள புதிய ரேடியோக்களில் சிலவற்றுக்கு அந்தத் துளை சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும். நிரல் செய்ய முளைக் கேபிள் அல்லது கைப்பேசிச் செயலிதான் வழி. கையேட்டில் ஒரு வரியில் போட்டிருப்பார்கள், தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு கிடைத்ததும் கை பரபரக்கும். எழுதுவதற்கு முன் படியுங்கள். ரேடியோவில் உள்ளதை முதலில் கணினிக்கு இறக்கி, ‘தொழிற்சாலை நிலை’ என்று பெயரிட்டு, தொடாமல் எடுத்துவையுங்கள். மாற்றங்களை அதன் நகலில் செய்யுங்கள். வேறு மாடல் ரேடியோவின் கோப்பை, ஒரே நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும், அப்படியே ஏற்றாதீர்கள்; ரேடியோவின் உள்ளமைப்பு குலைந்துவிடும். அப்போது உங்களைக் காப்பது அந்த முதல் கோப்பு ஒன்றே.

எழுதி முடித்துவிட்டேன், சேனல்களைக் காணவில்லை

ரேடியோ அதிர்வெண் நிலையில் நிற்கிறது. பெரும்பாலான கருவிகளில் திரையின் ஓரத்தில் சேனல் எண் தெரியாமல் வெறும் அதிர்வெண் மட்டும் தெரிவதே அடையாளம். நிலை மாற்றும் பொத்தானை அழுத்தினாலோ, சில மாடல்களில் அதை அழுத்திக்கொண்டே ரேடியோவை இயக்கினாலோ, சேனல் நிலைக்கு வந்துவிடும்.

சேனல் இருக்கிறது, நீங்கள் மாற்றிய அதிர்வெண் ஏறவில்லை என்றால், அது பூட்டப்பட்ட இடம். சான்று பெற்ற ஜிஎம்ஆர்எஸ் ரேடியோக்களில் முதல் 30 இடங்களின் அதிர்வெண்ணை மாற்ற விடாத மாடல்கள் உண்டு; அங்கே டோனையும் பெயரையும் மட்டும் மாற்றலாம். அதை உடைக்கப் பார்க்காமல் 31க்கு மேல் உங்கள் சேனல்களை அமைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை விளக்கு எரிகிறது, குரல் வரவில்லை

இனி நியூஃபவுண்ட் கேப் கதைக்கு வருகிறேன். விளக்கு எரிகிறது என்றால் அலை வந்து சேர்ந்துவிட்டது: அதிர்வெண் சரி, ஆன்டெனா சரி, தூரம் சரி. ஒலிபெருக்கி திறக்கவில்லை என்றால், உங்கள் கேட்கும் பாதி ஒரு டோனை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது, வந்த அலையில் அந்த டோன் இல்லை.

டோன் என்பது உங்கள் குரலுக்கு அடியில் ரேடியோ சேர்த்து அனுப்பும் மெல்லிய, மாறாத ஒலி. 67 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரையிலான இதன் பெயர் சிடிசிஎஸ்எஸ். அதே வேலையை எண் குறியீடாகச் செய்வது டிசிஎஸ். பெட்டிகளில் இதைத் ‘தனிமைக் குறியீடு’ என்று அச்சிட்டு விற்கிறார்கள். அந்தப் பெயர் பெரிய தீங்கு செய்கிறது. டோன் வைத்தால் அடுத்தவர் பேச்சு உங்களுக்குக் கேட்காது, அவ்வளவே. டோனை அணைத்துவைத்திருக்கும் எவருக்கும் உங்கள் பேச்சு முழுதாகக் கேட்கும். வீட்டு முகவரியையும் தங்கும் விடுதியின் அறை எண்ணையும் பிள்ளைகள் ரேடியோவில் சொல்லாமல் இருக்கப் பழக்குங்கள்.

சோதனை எளிது. டோனைப் பார்க்காமல் ஒலிபெருக்கியைத் திறந்துவிடும் மானிட்டர் பொத்தான் பக்கவாட்டில் இருக்கும், அதை அழுத்திப் பிடியுங்கள். எதிர்முனையிலிருந்து பேசச் சொல்லுங்கள். இப்போது குரல் கேட்டால் சந்தேகமே இல்லை, வாங்கும் டோன்தான் தடுக்கிறது. மெனுவில் ஆர்-சிடிசிஎஸ், ஆர்-டிசிஎஸ் என்ற இரண்டையும் அணைத்துவிடுங்கள். சிர்ப்பில் ‘டோன் மோட்’ என்ற கட்டத்தில் ‘டிஎஸ்க்யூஎல்’ என்று இருந்தால் இரண்டு பாதிக்கும் டோன் உண்டு என்று பொருள். ‘டோன்’ என்று மாற்றினால் அனுப்பும் பாதிக்கு மட்டும் இருக்கும்.

எங்கள் ரேடியோக்கள் இரண்டிலும் 17ஆம் சேனல், ‘22ஆம் குறியீடு’ என்று வைத்திருந்தோம். எண் ஒன்றே, ரேடியோக்கள் இரண்டு வெவ்வேறு தயாரிப்பு. ஒன்றின் பட்டியலில் 38 டோன்கள். அதில் 22 என்றால் 141.3 ஹெர்ட்ஸ். மற்றதன் பட்டியலில் இரண்டாவது இடத்தில் 69.3 என்ற டோன் கூடுதலாக நுழைந்திருந்தது. அதனால் பின்னால் வருபவை ஓரிடம் தள்ளிப்போய், அதன் 22ஆம் எண் 136.5 ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே எண்ணை அழுத்திவிட்டு வெவ்வேறு டோனுக்காகக் காத்திருந்தோம். மானிட்டர் பொத்தானைத் தற்செயலாக அழுத்தியபோதுதான் அந்தக் காரிலிருந்த மைத்துனர் மகளின் குரல் என் கையில் வெடித்தது: “மாமா, கேட்கிறதா?”

அன்றிலிருந்து குறியீட்டு எண்ணை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஹெர்ட்ஸைச் சொல்கிறேன், 141.3 எந்தத் தயாரிப்பிலும் 141.3தான். சிறிய எஃப்ஆர்எஸ் ரேடியோக்களில் 38க்கு மேற்பட்ட எண்கள் பெரும்பாலும் டிசிஎஸ் வகை. அவற்றைத் தவிர்த்துவிடுவது தலைவலியைக் குறைக்கும். தவிர்க்க முடியாவிட்டால் கடைசி எழுத்தைக் கவனியுங்கள்: டி023என் என்பதும் டி023ஐ என்பதும் வெவ்வேறு, ஒன்று நேர், மற்றது தலைகீழ்.

எனக்கு எல்லாம் கேட்கிறது, நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை

முந்தையதன் மறுபக்கம். அவருடைய வாங்கும் டோனும் உங்கள் அனுப்பும் டோனும் பொருந்தவில்லை. அவர் ரேடியோவில் விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். எரிந்தால் டோன். எரியாவிட்டால் உங்கள் அலையே அங்கு போகவில்லை.

போகவில்லை என்றால், உங்கள் ரேடியோவின் திரையைப் பாருங்கள். மேலே ஒரு சேனல், கீழே ஒரு சேனல் என இரண்டு வரிகள் தெரிகின்றனவா? இரட்டைக் கேட்பு இயங்குகிறது. நீங்கள் மேல் வரியில் அவரைக் கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தும்போது ரேடியோ கீழ் வரியில் அனுப்பிக்கொண்டிருக்கலாம். அழுத்தும் நேரத்தில் எந்த வரியின் பக்கம் அம்புக்குறி நிற்கிறது என்று பாருங்கள். புதியவர்கள் முதல் சில மாதங்களுக்கு இதை அணைத்தே வைத்திருக்கலாம்.

ரிப்பீட்டர் கேட்கிறது, உள்ளே நுழைய முடியவில்லை

புதியவர்கள் அதிக நேரம் இழப்பது இங்கேதான். ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

மலை உச்சியிலோ உயர்ந்த கோபுரத்திலோ நிற்கும் ரிப்பீட்டர் 467 மெகாஹெர்ட்ஸில் கேட்டு, அதே நொடியில் 462 மெகாஹெர்ட்ஸில் திருப்பிச் சொல்கிறது. நீங்கள் அதன் 462 குரலைக் கேட்கிறீர்கள். உங்கள் குரலை அதன் காதில் போட வேண்டுமானால் சரியாக 5 மெகாஹெர்ட்ஸ் மேலே போய்ப் பேச வேண்டும். 462.675இல் உங்களுக்குக் கேட்கும் ரிப்பீட்டரிடம் 467.675இல் பேச வேண்டும்.

பல ரேடியோக்களில் 15 முதல் 22 வரை நேரடிப் பேச்சுக்கானவை. 23 முதல் 30 வரை அவற்றின் ரிப்பீட்டர் இரட்டையர்கள். 462.675 என்பது 20ஆம் சேனல், அதன் ரிப்பீட்டர் வடிவம் 28. கேட்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆகவே 20இல் நின்றுகொண்டு, ரிப்பீட்டரைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, அதற்குக் காதே இல்லாத அதிர்வெண்ணில் மணிக்கணக்கில் கூப்பிடுபவர்கள் உண்டு. சில தயாரிப்புகளில் தனி எண்ணுக்குப் பதிலாக ஆர்பி என்ற எழுத்தோடு சேனல் எண் வரும். வேறு சிலவற்றில் ரிப்பீட்டர் வசதியை மெனுவில் இயக்கினால்தான் அந்தச் சேனல்கள் தோன்றும்.

சிர்ப்பில் நீங்களே அமைப்பதானால் அந்த வரிசையில் இருக்க வேண்டியவை: அதிர்வெண் 462.675, டூப்ளெக்ஸ் கட்டத்தில் கூட்டல் குறி (மேலே போய்ப் பேசு என்று பொருள்), ஆஃப்செட் (எவ்வளவு மேலே என்பது) 5.000, டோன் மோட் ‘டோன்’, டோன் மதிப்பு ரிப்பீட்டர் உரிமையாளர் சொன்னது, மோட் எஃப்எம். ஆஃப்செட்டில் 0.500 என்றோ 0.600 என்றோ விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ரேடியோவின் விசைகளிலேயே நேராக அடிக்கும்போது சுழியங்களின் எண்ணிக்கை தவறுவதும் உண்டு. அடித்து முடித்தபின் பொத்தானை அழுத்திப் பாருங்கள், திரையில் 467.675 என்று மாற வேண்டும். ஆஃப்செட் சரியா என்று அறிய இதைவிட விரைவான வழி இல்லை.

அதிர்வெண் சரியாக மாறியும் நுழைய முடியவில்லையா? டோன். ரிப்பீட்டர்கள் ஏறக்குறைய எல்லாமே டோன் கேட்கும். 141.3 ஹெர்ட்ஸ் பயணிகளுக்கான டோன் என்று நெடுங்காலமாகப் பெயர் பெற்றது, 462.675இல் அதைப் பயன்படுத்தும் ரிப்பீட்டர்கள் பல உள்ளன; எல்லாம் அல்ல. ரேடியோவிலுள்ள டோன் தேடும் வசதியை நம்பி ஏமாற வேண்டாம். ரிப்பீட்டர் வெளியே அனுப்பும் டோனை மட்டுமே அது காட்டும். உள்ளே நுழையத் தேவையான டோன் வேறாக இருக்கலாம், வெளியே டோனே அனுப்பாமலும் இருக்கலாம். அதே காரணத்துக்காக உங்கள் வாங்கும் டோனைக் காலியாக விடுங்கள். ரிப்பீட்டர் ஒருவர் தம் கைக்காசைப் போட்டு நிறுத்திய கருவி. அவர் அனுமதி பெற்றுத்தான் பயன்படுத்த வேண்டும். அனுமதி கேட்கும்போதே டோனையும் சொல்லிவிடுவார்கள். ஊகித்து ஊகித்து ஒவ்வொரு டோனாக முயல்வது மரியாதையும் இல்லை, அது அங்கே பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இடையூறு.

நுழைந்தீர்களா என்று எப்படி அறிவது? உரிமத்தோடு எஃப்சிசி தரும் உங்கள் அழைப்புக் குறியைச் சொல்லி, சோதனை என்று ஒரு வார்த்தை சேர்த்து, பொத்தானை விடுங்கள். விட்டபின் விளக்கை மட்டும் பாருங்கள். அனுப்பும்போது எரியும் சிவப்பு அணைந்து, பச்சை ஓரிரு நொடி எரிந்து, கடைசியில் ‘க்ஷ்’ என்று ஒரு சிறு வெட்டோடு அணைந்தால், ரிப்பீட்டர் உங்களைக் கேட்டது; அந்த ஓரிரு நொடி அதன் வால். சிவப்பு அணைந்ததும் எல்லாம் இருண்டுவிட்டால் கேட்கவில்லை. வெறுமனே பொத்தானைத் தட்டித் தட்டி வாலைப் பார்ப்பது பலருக்கும் வரும் பழக்கம். அழைப்புக் குறி சொல்லாமல் அப்படிச் செய்யாதீர்கள். பேச்சு முடியும்போதும், பேச்சு நீண்டால் 15 நிமிடத்துக்கு ஒரு முறையும், குறியைச் சொல்வது விதி.

எல்லாம் சரியாக இருந்தும் வால் வரவில்லை என்றால், ரிப்பீட்டரின் 50 வாட் உங்களை எட்டுகிறது, உங்கள் 5 வாட் அதை எட்டவில்லை. வெளியே போய், உயரமான இடத்தில், உயர் ஆற்றலில் முயன்று பாருங்கள். இன்னொன்று: எஃப்ஆர்எஸ் ரேடியோ ரிப்பீட்டருக்குள் ஒருபோதும் நுழைய முடியாது. அதற்கு 467 இணைகளில் பேச அனுமதியில்லை, வசதியும் இல்லை.

டிட்ராய்ட், பஃபலோ, சியாட்டில் போன்ற கனடா எல்லைப் பகுதி ஊர்களில் இருப்பவர்கள் ‘லைன் ஏ’ என்ற கோட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வடக்கே 19, 21ஆம் சேனல்களிலும் அவற்றின் ரிப்பீட்டர் இணைகளிலும் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது; இப்போதும் உண்டா என்று எஃப்சிசி தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அவை அமைதியாக இருப்பது கோளாறல்ல.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, அல்லது உடைகிறது

அகலம், அதாவது அலை எடுத்துக்கொள்ளும் இடம், இரு ரேடியோக்களிலும் பொருந்தவில்லை. எஃப்ஆர்எஸ் ரேடியோக்கள் குறுகிய அகலத்தில் பேசும். ஜிஎம்ஆர்எஸ் பெரும்பாலான சேனல்களில் அகலமாகப் பேசலாம். குறுகிப் பேசுபவரை அகலமாகக் கேட்டால் குரல் தாழ்ந்து மங்கும். அகலமாகப் பேசுபவரைக் குறுகிக் கேட்டால் உரத்த சொற்கள் நறுக்கப்பட்டு உடையும். சிர்ப்பில் எஃப்எம் என்றால் அகலம், என்எஃப்எம் என்றால் குறுகல். ரிப்பீட்டருக்குப் பெரும்பாலும் அகலம். பிள்ளைகள் கையில் எஃப்ஆர்எஸ் இருந்தால் அவர்களோடு பேசும் சேனலுக்குக் குறுகல். 8 முதல் 14 வரை எப்போதும் குறுகல்தான்.

இரண்டும் பொருந்தியும் உடைகிறது என்றால், மைக்கை உதட்டோடு ஒட்டிப் பேசுகிறீர்கள். நான்கு விரல் தள்ளிப் பிடித்து, அழுத்தியபின் ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். முதல் சொல் விழுங்கப்படுவதும் அதோடு நிற்கும்.

அழுத்தினால் ‘பீப்’ என்கிறது, அனுப்ப மறுக்கிறது

சேனலில் வேறொருவர் பேசும்போது அனுப்பவிடாமல் தடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு, மெனுவில் பிசிஎல் என்றிருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பேச்சு வேறு டோனில் இருந்தால் அது உங்கள் காதுக்கு வராது, ஆனால் ரேடியோ அதை உணர்ந்து உங்களைத் தடுக்கும். விளக்கைப் பாருங்கள், எரிந்தால் காத்திருங்கள். ஒலி இல்லாததால் சேனல் காலி என்று எண்ண வேண்டாம். வானிலைச் சேனல்களிலும், கேட்பதற்கு மட்டும் சேர்த்த பிற அதிர்வெண்களிலும் அனுப்ப மறுப்பது சரியான நடத்தை. ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று நேர வரம்பு முடிந்து துண்டிப்பதும் அப்படியே.

அழுத்தியவுடன் திரை அணைந்து ரேடியோ மறுபடி தொடங்கினால், பேட்டரி. குறைந்த சார்ஜில் கேட்பதற்குத் தேவையான மின்சாரம் கிடைக்கும், உயர் ஆற்றலில் அனுப்பக் கிடைக்காது. காரில் பொருத்தும் 50 வாட் ரேடியோவைச் சிகரெட் லைட்டர் துளையில் செருகினாலும் இதே கதை. அதற்கு பேட்டரியிலிருந்து நேராக, ஃப்யூஸோடு, தடித்த கம்பி இழுக்க வேண்டும்.

விடாமல் இரைகிறது

பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் ஸ்குவெல்ச் என்ற அமைப்பு சுழியத்தில் இருக்கிறது. அதை 3க்கு உயர்த்துங்கள். 9 வரை ஏற்றினால் அமைதி கிடைக்கும், தூரத்துக் குரலும் போய்விடும்.

வீட்டில் நன்றாகக் கேட்டது, வெளியே போனால் இல்லை

முதலில் ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். தனியாக வாங்கிப் பொருத்தியதென்றால், நடுவில் ஒரு பக்கம் ஊசியும் மறுபக்கம் துளையும் இருக்கிறதா? இரு பக்கமும் துளையாக இருந்தால் மரை நன்றாகவே இறுகும், நடுத் தொடுகை மட்டும் இருக்காது. அறைக்குள் கேட்கும், நூறடி தாண்டினால் கேட்காது. அப்படியே உயர் ஆற்றலில் அனுப்பிக்கொண்டிருந்தால் ரேடியோவுக்கும் நல்லதல்ல. அடுத்து சேனல். 8 முதல் 14 வரை அரை வாட்டுக்கு மேல் கிடையாது. குடும்பப் பயணத்துக்கு 15 முதல் 22 வரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பிடிக்கும் விதம். இடுப்பில் மாட்டியபடி பேசினால் உங்கள் உடலே அலையைக் குடித்துவிடும். முகத்துக்கு நேராக, ஆன்டெனா செங்குத்தாக இருக்கப் பிடியுங்கள். காருக்குள்ளிருந்து பேசுவதைவிடக் கூரையில் காந்தத்தால் ஒட்டும் ஒரு சிறு ஆன்டெனா பல மடங்கு உதவும். வாட்டைக் கூட்டிப் பெறுவதைவிட உயரத்தைக் கூட்டிப் பெறுவது அதிகம்.

பெட்டியில் 35 மைல் என்று அச்சிட்டிருப்பார்கள். தரை மட்டத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் ரேடியோவைப் பிடித்து நிற்கும் இருவருக்கு, மரமும் கட்டடமும் இல்லாத தட்டைச் சமவெளியிலேயே பூமியின் வளைவு ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் குறுக்கிட்டுவிடும். ஊருக்குள் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் கிடைத்தால் உங்கள் ரேடியோ ஒழுங்காகவே வேலை செய்கிறது. 35 மைல் என்பது மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்துப் பேசும் கணக்கு.

அன்று டோனை அணைத்தபின் நாங்கள் வட கரோலினாவின் செரோகீ ஊர்ப் பக்கம் இறங்கினோம். முன்னே போன மைத்துனரின் கார் ஒரு திருப்பத்தில் மறைந்ததும் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது; நடுவில் ஒரு மலைத்தோள், முழுக்கப் பாறை. என் மனைவி உடனே மெனுவைத் திறக்கப் போனாள். இரண்டு வளைவு கழிந்ததும் ரேடியோ தானாகவே பேசத் தொடங்கியது. அப்படிப்பட்ட இடத்தில் எதையும் மாற்றாதீர்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் அடுத்த திருப்பம் வரும்வரை பொறுத்திருந்து, மறுபடி கூப்பிட்டுப் பார்க்கட்டும்.